பழைய கல்யாணப் பத்திரிகை

"பழைய கல்யாணப் பத்திரிகை ஏதாவது இருக்கா மாமி?"

துணிப்பையோடு வாசலில் நின்ற நாகம்மாவைப் பார்த்ததும் விஜயலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்தது. லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பம் விடாமல் இவள் படியேறி இறங்குகிறாள் என்ற சேதி முன்னமே வந்துவிட்டது.

"எதுக்குடியம்மா உனக்கு?"

"சுவத்துல மாட்டப் படம் பண்றேன். கொலுவுக்கு நாலு பேர் வருவாங்க. எங்க வீட்டுச் சுவரு பாக்கிற மாதிரியா இருக்கு?"

இல்லைதான். நாகம்மாவின் கணவன் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. ஒற்றை அறை வாடகை வீடு. மழைக்கு மழை சுண்ணாம்பு உதிரும். காசு கொடுத்துப் படம் வாங்கி மாட்ட வழியேது?

சமையலறைக் கம்பியில் குத்தி வைத்திருந்த பத்திரிகைகளை விஜயலக்ஷ்மி உருவிக் கொடுத்தாள். மஞ்சள் தடவி வந்ததை எறியவும் மனசு வராது, வைத்துக்கொள்ளவும் இடம் கிடையாது. விட்டது தொல்லை.

நாகம்மா நகரவில்லை.

"கூடத்துல காலண்டர் ஆணியில ஒண்ணு தொங்குதே மாமி, ரோஸ் கலர்ல. அதையும் குடுங்களேன்."

"அதையும் பாத்து வெச்சுட்டியா? பலே கண்ணுதான்!"

அன்று சாயங்காலமே விஜயலக்ஷ்மி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள். "பையைத் தூக்கிண்டு வீடு வீடா வரா. ஆணியில தொங்கறதைக்கூட விட்டுவெக்கல!"

அவர்கள் வேறு நாலு வீட்டில் சொன்னார்கள்.

நவராத்திரி ஏழாம் நாள். தெருமுனைப் பூஜைப் பந்தலில் மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. நாகம்மாவின் அறைக்குள் காலை வைத்த விஜயலக்ஷ்மி அப்படியே நின்றுவிட்டாள்.

உதிர்ந்த சுண்ணாம்பு இருந்த இடமே தெரியவில்லை. புடவைப் பெட்டி அட்டையில், மைதாப் பசையில், சணல் கயிற்றுச் சட்டம் போட்டு ஒன்பது படங்கள். பத்திரிகைகளின் பச்சையெல்லாம் கிளியாகியிருந்தது. நீலமெல்லாம் மயில் கழுத்து. நடுநாயகமாக, தங்க ஓரங்களை மட்டும் நறுக்கி ஒட்டி ஒரு ஹவுரா பாலம். அதன் அடியில் குட்டிப் படகுகள் வேறு. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்த வீட்டுக்காரப் பெங்காலி அம்மா, "கீ ஷுந்தொர்! கீ ஷுந்தொர்!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். என்ன அழகு என்று அதற்கு அர்த்தம். அதில் பொய்யே இல்லை. கேலி பேசின வாயால் புகழ விஜயலக்ஷ்மிக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"கையா இது, நாகம்மா!" என்றாள் கடைசியில்.

"உக்காருங்க மாமி. அமலாவும் வர்றா."

"எந்த அமலா? சந்தானம் பொண்ணா?"

"ஆமாம்."

விஜயலக்ஷ்மி சட்டென்று சுவரைத் திரும்பிப் பார்த்தாள். வைகாசியில் அமலாவுக்கு முகூர்த்தம் வைத்து, ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு, நாலு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் தந்தி அடித்துக் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். ஆடியில் ஒரே ஒரு தடவை விஜயலக்ஷ்மி வீட்டுக்கு வந்தாள் அந்தப் பெண். காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனாள். 'ரொம்பத்தான் கர்வம்' என்று விஜயலக்ஷ்மிக்கு அப்போது கோபம். அதற்கப்புறம் அமலா யார் வீட்டுப் படியும் ஏறவில்லை.

"உனக்கு அறிவிருக்கா நாகம்மா? கல்யாணம் நின்னுபோன பொண்ணைக் கூப்பிட்டு, சுவர் பூரா கல்யாணப் பத்திரிகையா மாட்டி வெச்சிருக்கியே! அவ மனசு என்ன பாடுபடும்?"

"வரட்டும் மாமி."

வந்தாள். வாசலிலேயே தயங்கினாள். அப்புறம் சுவரோரமாகவே நடந்து, ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். அவள் கண் எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. ஒன்பதாவது படத்துக்கு வந்ததும் பெருமூச்சு விட்டாள். பிறகு கொலுவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேட்காமலே ஒரு பாட்டும் பாடினாள். சுண்டல் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நாலு மாசமாக அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை.

எல்லோரும் போன பிறகு விஜயலக்ஷ்மி மட்டும் நின்றாள்.

"எங்காத்துலேர்ந்து ஒரு ரோஸ் பத்திரிகை வாங்கிண்டு வந்தியே, அதை எதுல ஒட்டினே? எந்தப் படத்துலயும் கண்ணுல படலையே?"

நாகம்மா கதவைச் சாத்தினாள். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு துணிமூட்டையை எடுத்துப் பிரித்தாள்.

கட்டுக் கட்டாகப் பத்திரிகைகள். அத்தனையும் ரோஸ். அத்தனையிலும் 'சௌ. அமலா' என்று அச்சடித்திருந்தது.

"ஆடியில உங்க வீட்டுல அவ உக்காந்தாளே, அவ கண்ணுக்கு நேரா இதான் மாமி தொங்கிச்சு. அன்னிக்கு நானும் அங்கதானே இருந்தேன். இன்னும் எத்தனை வீட்டு ஆணியில தொங்குதோன்னு பயந்துதான் அவ வெளியில வரல. இப்ப எல்லாம் வந்து சேந்துடுச்சு. தசமியன்னிக்குக் கங்கையில விட்டுடுவேன்."

விஜயலக்ஷ்மி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதை மட்டும் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டோமா? எதுக்குடி எல்லாப் பத்திரிகைக்கும் வீடு வீடா அலைஞ்சே?"

"இதை மட்டும் கேட்டிருந்தா நீங்க எல்லாரும் மறுபடியும் அவளைப் பத்திப் பேசியிருப்பீங்க மாமி. இப்ப என்னைப் பத்தித்தானே பேசினீங்க!"