பிளாஸ்டிக்குக்குள் மலபார்

“இந்தப் பாதகத்தைச் செய்தது யாரு?”

சுவாமிதாஸின் கையில் இருந்த படம் பளபளவென்று மின்னியது. மருமகள் சிஜி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். படத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள்.

“நாந்தான் மாமா. மழ ஈரத்துல கெட்டுப் போவுமேண்ணு லாமினேஷன் செய்யக் குடுத்தேன்.”

“ஈரமா? ஏட்டி, இருநூத்தி நாப்பது வருஷம் கெடாத காயிதமாக்கும் இது. இனி இது படமா? வோட்டர் கார்டாக்கும்.”

சர்வே ஆபீசில் படம் வரைந்தே ரிட்டயர் ஆனவர் சுவாமிதாஸ். கொல்லயில் ஊரில் மற்றவர்கள் தென்னந்தோப்பு வாங்கினார்கள். அவர் பழைய தேசப்படம் வாங்கினார். நட்சத்திரத்தைப் பார்த்துப் பூமியை அளக்கத் தொடங்கிய காலத்தில், செம்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சடித்த படங்கள். மொத்தம் பன்னிரண்டு. அதில் இந்த மலபார் கடற்கரைதான் அவருக்கு உயிர். தகட்டின் ஓரம் காகிதத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும். காலையில் அதை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் அவருக்குக் காப்பியே இறங்கும்.

இன்றைக்குத் தடவினார். விரல் வழுக்கிக்கொண்டு போனது.

பிளாஸ்டிக்கைப் பிரிக்க வழியில்லை. பிரித்தால் மையும் கூடவே வந்துவிடும். மனைவி குமாரி போய்ச் சேர்ந்த அன்றுகூட அவருக்கு இப்படி வெறிச்சென்று ஆனதில்லை.

“நீ வந்த பெறவு இந்த வீட்டுல எது உருப்பட்டுது? கேட்டைத் தொறந்து போட்டே, மாடு வாழையத் தின்னுச்சு. மோட்டாரை ஓட விட்டே, கருகிப் போச்சு. இப்போ இது.”

சிஜி படத்தை வாங்கி வைக்கக் கை நீட்டினாள். அவர் விடவில்லை.

“ஒன் மாப்பிள டெனிலுக்கு இண்ணைக்கே லெட்டர் போடுதேன். ஞாயித்துக்கெழம ஒன்ன திருப்புறத்துல ஒங்க அம்மைட்ட கொண்டு விடுவேன். அவன் துபாயிலேருந்து வந்து கூட்டிட்டுப் போவட்டும்.”

“சரி மாமா.”

எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும்.

அதே கோபத்தோடு படத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பாறசாலை போனார். ஜங்ஷனில் லாமினேஷன் கடை ஒன்றுதான், ராபின்சனுடையது.

“பழைய படமெண்ணு கண்டா தெரியாதா? இதுல சூடு வைக்க எப்படிடே மனசு வந்து?”

ராபின்சன் எழுந்து நின்றான். “தப்புதான் சார். சிஜி அக்கா கொண்டு தந்தாங்க, செய்தேன்.”

“அவ கதை இந்த ஞாயித்துக்கெழமையோட தீந்து. அவ வீட்டுக்கே அனுப்பப் போறேன்.”

ராபின்சனின் முகம் மாறியது. மிஷினை அணைத்தான். லாமினேஷனுக்குக் கொடுக்கிறவர்கள் தங்கள் பேர் எழுதுகிற நோட்டை எடுத்துப் புரட்டி அவர் முன்னால் வைத்தான்.

“சார், அக்கா பாவம். படத்த கொண்டு வந்தது சார்தான். நேத்து காலைல. பழைய காயிதம் சூடு தாங்காதுண்ணு நான் சொன்னேன். செதல் தின்னுடும், இப்பவே போடுண்ணு பிடிவாதம் பிடிச்சதும் சார்தான்.”

நோட்டில் சுவாமிதாஸ் என்று எழுதியிருந்தது. படங்களில் ஊர்ப்பெயர் எழுதிப் பழகிய அவருடைய அதே நிமிர்ந்த எழுத்து.

நேற்றைய காலையை மனதுக்குள் தேடினார். பஸ், மழை, இந்தக் கடை, எதுவும் அகப்படவில்லை. பயம் வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“பின்ன அவ ஏன் நாந்தாண்ணு சொன்னா?”

“சார் இத இங்கயே மறந்துட்டுப் போனீங்க, நான் அக்காவுக்கு போன் செய்தேன். நேத்து சாயங்காலம் வாங்க வந்தப்போ அக்கா இங்க நிண்ணு அழுதாங்க சார். ‘மறதி முத்திட்டு வருதுண்ணு டாக்டர் சொல்லியாச்சு. மாமாவுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போவாரு. கேட்டா நான் கொண்டு தந்ததா சொல்லு, மாட்டுக்கும் மோட்டாருக்கும் வாங்குன மாதிரி இதுக்கும் திட்ட நான் வாங்கிக்கிடுதேன்’ண்ணு சொல்லிட்டுப் போனாங்க.”