ஆறாவது ஓட்டை

புதிதாக வந்த ரைஃபிள்களைச் சுட்டுப் பார்க்கும் வேலை ஏட்டு சர்தாருடையது. வேங்கிக்கால் பக்கத்துக் குன்றடியில், காலை வெயிலில் குப்புறப் படுத்து ஐந்தாவது குண்டைச் சுடுகிறார். துப்பாக்கிக் கட்டை தோளில் உதைக்கிறது. போல்ட்டை இழுக்க, சூடான பித்தளைக் கூடு புல்லில் விழுகிறது. குன்று சத்தத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு ஓய்கிறது. இலக்குக்குக் கீழே பதுங்கியிருந்த கான்ஸ்டபிள் ஜம்புகுமார் குழியிலிருந்து ஏறி வந்து, இலக்குத் தாளருகே அப்படியே நிற்கிறான். “எத்தினி?” என்று கத்துகிறார் சர்தார். “ஆறுங்க, ஏட்டய்யா!” “ஒண்ணு ஜாஸ்தி சொல்றியே, நான் சுட்டது அஞ்சுதான்.” கூடுகளை எண்ணுகிறார், ஐந்துதான். வேறு யாரும் சுடவில்லை. ஜம்புகுமார் தாளைத் தடவுகிறான். “அஞ்சும் அந்தாண்ட கிழிஞ்சிருக்குதுங்க. இது ஒண்ணு மட்டும் உங்க பக்கமா கிழிஞ்சிருக்குது.” சர்தார் தலையைத் தூக்காமல் குன்றைப் பார்க்கிறார். பாறைகளின் மேல் ஒருவரும் இல்லை. அப்போதுதான் காதோரம் எரிகிறது. தொட்டுப் பார்த்த விரலில் ரத்தம்.