கோயிலுக்கு ஒரு குடை

மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டத்து வட்டார அதிகாரி மௌஷுமி நடையாய் நடந்துதான் அந்தச் சுடுமண் கோயிலைப் பழுதுபார்க்க உத்தரவு வாங்கியிருந்தாள். வேலை முடிந்து, சுவரில் ஒரு பொந்து மட்டுமே பாக்கி. கொத்தனார் காளிபதோ அதை அடைக்கப் போனபோது உள்ளே ஏதோ சீறியது. மௌஷுமி சாரத்தில் ஏறிப் பார்த்தாள். வெள்ளை ஆந்தைக் குஞ்சுகள்.

"லட்சுமியோட வாகனம்தான், தீதி. ஆனா மழை இறங்கினா சுவரே ஊறிப்போயிடும். நீங்க பட்ட பாடெல்லாம் வீண்" என்றார் காளிபதோ.

மேற்கே வானம் கறுத்திருந்தது.

"பறக்கட்டும். அப்புறம் அடைக்கலாம்."

தன் குடையை விரித்துப் பொந்துக்கு மேலே சாரக்கழியோடு இறுக்கிக் கட்டினாள்.

"நீங்க எப்படிப் போவீங்க?"

"நனைஞ்சுக்கிட்டேதான்."

பாதி வயல் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தாள். கறுப்புக் குடைக்கடியில் ஒரு வெள்ளை முகம், மழை எப்போது விடும் என்று கேட்பதுபோல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.