கதவுக்குள் பதினொன்று

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பல் டாக்டருக்குக் கை சும்மா இருக்காது. வீட்டுக் கொட்டகையில் பழைய கார் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இதுவரை ஐந்து கார்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறார். தொடங்கும்போது, இது எத்தனையாவது வண்டி என்று கதவின் உள்தகட்டில் பென்சிலால் எழுதுவார். தகட்டின் நெளிவெடுக்கும் டிங்கரிங் வேலை தீர்ந்ததும் அதன் கீழே ‘முடிந்தது’ என்று எழுதி, மேலே பெயிண்ட் அடித்துவிடுவார்.

ஆறாவது கார் போன வாரம்தான் வந்தது. அவரைவிட வயதில் மூத்த வண்டி. கதவிலிருந்த ஐந்து பூச்சுப் பெயிண்டையும் தேய்த்து எடுத்தபோது, வெறும் தகட்டில் அவருடைய எழுத்தில் ‘11’ என்று இருந்தது.

மனைவியைக் கூப்பிட்டார். “பார்த்தியா, இன்னும் அஞ்சு வண்டி இருக்கு!”

“இதுதான் கடைசின்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினீங்களே” என்றபடி அவள் குனிந்தாள்.

“ஏங்க, பதினொண்ணு உங்க எழுத்து. கீழே ‘முடிந்தது’ன்னு இருக்கறது என் எழுத்து.”

அவர் தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு மேடு பள்ளம் இல்லை.

“ஆரம்பிச்சது நான், முடிச்சது நீ. அருமையா தேய்ச்சிருக்கே.”

அந்தக் கொட்டகையில் ஒரு சாமானைக்கூடத் தொட்டிராதவள், உப்புத்தாளைக் கையில் எடுத்தாள்.

“எப்படிப் பிடிக்கணும், சொல்லிக்கொடுங்க.”