பொத்தான்மேல் விழுந்த பழி

கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் தவமணியின் கம்ப்யூட்டர் அன்று காலை உயிர் பெறவில்லை. அவள் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். பிறகு ஓங்கிக் குத்தினாள். பெட்டி மூச்சுக்கூட விடவில்லை.

உள்ளே இருந்த விசிறி, "எல்லாம் இந்தப் பொத்தானால வந்த வினை. நான் சுத்தத் தயாராத்தான் இருக்கேன்" என்றது.

அத்தனை குத்தையும் வாங்கிய பொத்தான், கோளாறு தன்னிடம்தான் என்று நம்பத் தொடங்கியது. "இதைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்" என்று தவமணி சொன்னதும் அதற்கு அழுகை முட்டியது. பெட்டிக்குப் பின்னால் குடியிருந்த பல்லியைக் கூப்பிட்டது.

"அக்கா, என்னால இந்தப் பெட்டியே சாகப்போகுது."

பல்லி ஒரு சுற்று ஊர்ந்து பார்த்தது. "அட பைத்தியமே, பின்னால ஒயரு பாதி கழண்டு கிடக்கு. பெட்டிக்குள்ள கரண்டே வரலை. நீ என்ன பண்ணுவே?" என்றது. பிறகு அந்த ஒயர்மேலேயே ஏறி நின்று, "த்சு த்சு" என்று உரக்கச் சொன்னது.

தவமணி சகுனம் பார்க்கிறவள். பல்லி எந்தத் திசையில் சொல்கிறது என்று எட்டிப் பார்த்தவள் கண்ணில் ஒயர் பட்டது. அதை இறுக்கிச் செருகிவிட்டு, இந்த முறை பொத்தானை மெல்லத் தொட்டாள். நீல விளக்கு எரிந்தது.

"உன்மேல எனக்குச் சந்தேகமே இருந்ததில்ல தம்பி" என்றபடி விசிறி சுற்றத் தொடங்கியது.

பொத்தானுக்கு உடம்பெல்லாம் லேசாகியிருந்தது. கோபம்கூட வரவில்லை.

"இருக்கட்டும்ண்ணே, நல்லா சுத்துங்க" என்றது.