பிடுங்கிய வசனம்

“பெரியவர் பேசிக்கிட்டிருக்கும்போது நீங்க ஏங்க வாயைத் திறக்கிறீங்க?”

டைரக்டர் ஸ்ரீதர் கத்தியதில், மூடிக்கிடந்த அந்தத் தொழிற்சாலை ஷெட்டே அதிர்ந்தது.

“சாரி சார், அவசரப்பட்டுட்டேன்” என்றார் வில்சன், அந்தப் பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு.

ஒரு காலத்தில் பேர் போன குஸ்தி பயில்வான். சினிமாவுக்கு வந்த பிறகு ஹீரோக்களிடம் அடிவாங்குவதே அவர் வேலை. கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவார். தண்ணீர்த் தொட்டியில் விழுவார். கோழிக் கூண்டின் மேல் விழுவார். திரையில் அவர் இதுவரை பேசியதெல்லாம் “ஆ!” மட்டும்தான்.

இந்தப் படத்தில்தான் முதல்முறையாக வசனம். மகனுக்குப் பெண் கேட்டு வரும் அப்பா வேஷம். ஷூட்டிங் ஒரகடத்தில். வீடு பக்கத்திலேயே, படப்பையில்.

அதனால் மனைவி கிரேசி, கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து லைட்டுகளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஏன்தான் வந்தோம் என்று இப்போது தோன்றியது.

மறுபடி ஆரம்பித்தார்கள். பெண்ணின் அப்பாவாக நடிப்பவர் சண்முகசுந்தரம். நாடகக் காலத்து நடிகர். அவர் உள்ளே வந்தால் செட்டே எழுந்து நின்று வணக்கம் சொல்லும்.

“என் சம்சாரம் போனப்புறம் இந்தப் பொண்ண ஒத்தை ஆளா வளர்த்தேன்...” என்று அவர் தொடங்கினார்.

வில்சன் பலமாகத் தும்மினார்.

“கட்!”

அடுத்த தடவை, எதிரே இருந்த காபி டம்ளரைத் தட்டிவிட்டார். அதற்கடுத்த தடவை, பெரியவர் பேச்சின் நடுவே புகுந்து கல்யாணப் பெண்ணின் பேரையே மாற்றிச் சொன்னார்.

“பயில்வானுக்கு விழத்தான் தெரியும், பேசவா தெரியும்?” என்று யாரோ சொல்ல, லைட்மேன்கள் சிரித்தார்கள்.

“லஞ்ச் பிரேக்!” என்று எழுந்தார் ஸ்ரீதர். “வில்சன், சாப்பிட்டு வந்ததும் ஒரே ஒரு சான்ஸ். அப்பவும் சொதப்பினா வேற ஆளை வெச்சு எடுத்துக்கறேன்.”

கிரேசி, கணவரை ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

“இன்னாயா ஆச்சு உனுக்கு? அடுப்புகிட்ட நின்னுக்கினு நான் பொண்ணோட அப்பனா பேசறேன், நீ கடகடன்னு பதில் சொல்ற. இங்க வந்து தும்மிக்கினு கீறியே!”

“தும்மல் வந்தா நான் இன்னா பண்றது?”

“டம்ளரைத் தட்டுனியே, அதுவும் தும்மலா?”

“சாம்பார் நல்லாக்கீது. நீ கொஞ்சம் சாப்டு.”

“பேச்ச மாத்தாத! போன படத்துல விழுந்த இடுப்புக்கு இன்னும் தைலம் தேச்சிக்கினு கீறேன். இந்த வேஷமும் போச்சுன்னா, மறுபடியும் எங்கியாச்சும் போயி விழணும். உடம்பு தாங்குமா சொல்லு?”

அவள் குரல் உடைந்தது. வில்சன் தட்டைக் கீழே வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு நேராக டைரக்டரிடம் போனார்.

“சார், தப்பா நெனச்சிக்காதீங்க. பெரியவரோட வசனத்தையும் சேர்த்து நானே பேசிடட்டுமா?”

ஸ்ரீதர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “உங்க வசனமே உங்களுக்கு வரல!”

“துண்டு துண்டாப் பேசினா கொழம்புது சார். ஒரேயடியாப் பேசினா வந்துரும். அவர் சும்மா என்னைப் பாத்துக்கினு இருந்தாப் போதும்.”

“வேஷம் கெடைச்ச மொத நாளே பெரியவர் வசனத்தப் பிடுங்கறான் பாரு” என்று கிரேசியின் காதுபடவே ஒருவர் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஸ்ரீதர் தயக்கத்தோடு சண்முகசுந்தரத்தைப் பார்த்தார்.

“பேசட்டும் தம்பி. எனக்கு ஒண்ணுமில்ல” என்றார் அவர் மெதுவாக.

கேமரா ஓடியது. வில்சன் பேசினார்.

“ஐயா, சம்சாரம் போனப்புறம் இந்தப் பொண்ண ஒத்தை ஆளா வளர்த்தீங்க. அதுக்காக ஜடை பின்னக்கூடக் கத்துக்கிட்டீங்கன்னு ஊரே சொல்லுது. அப்படி வளர்த்த பொண்ண யார் வூட்டுக்கோ அனுப்ப மனசு வராதுதான். நான் யாரோ இல்லைங்க. அது எனக்கும் பொண்ணுதான்.”

ஒரு சொல் பிசகவில்லை. கேட்டுக்கொண்டிருந்த சண்முகசுந்தரத்தின் கண்கள் நிறைந்தன. கையை நீட்டி வில்சனின் கையைப் பற்றிக்கொண்டார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காத நடிப்பு அது.

“ஓகே! ஓகே!” ஸ்ரீதர் துள்ளி எழுந்தார். “நான் எழுதினதவிட இது பிரமாதமா இருக்கே! பயில்வான், என் அடுத்த படத்துலயும் நீங்கதான் அப்பா!”

சிரித்த லைட்மேன்கள் விசில் அடித்தார்கள். வில்சனைச் சுற்றிக் கூட்டம்.

கிரேசிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. ஆனால் மனசு உறுத்தியது. தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் போனாள்.

“ஐயா, மன்னிச்சிக்கங்க. அவரு அடுத்தவங்களோடதுக்கு ஆசப்படற ஆளு கெடையாது. இன்னிக்கி ஏன் இப்பிடிப் பண்ணாருன்னே தெரியல. உங்க வசனத்தப் போயி...”

சண்முகசுந்தரம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வசனத்த மறந்தது நான்தாம்மா. இப்பல்லாம் மொத வரி சொன்னா அடுத்த வரி வர்றதே இல்ல. என் வாய் குழறப் போகுதுன்னு தெரிஞ்ச ஒவ்வொரு தடவையும், உங்க வீட்டுக்காரர் முந்திக்கிட்டுத் தப்பு பண்ணினார்.”