முடிஞ்சிடுச்சு

ஆபரேஷன் தியேட்டர் கதவுக்குப் பின்னால் நின்று அந்தப் பயிற்சி டாக்டர் ஒரே ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தான்.

உள்ளே மேசையில் கிடந்தவருக்கு உயிர் இல்லை. அதை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றியபடியே, "நீயே போய்ச் சொல்லு கொக்கி. என்னைக்காவது கத்துக்கத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தியேட்டருக்குப் போய்விட்டார்.

கொக்கி என்பது அங்கே அவனுக்கு வைத்த பெயர். திறந்த வயிறு மூடிக்கொள்ளாமல் கொக்கியால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவன் இதுவரை செய்த மொத்த அறுவை சிகிச்சை. இன்றும் அதையேதான் செய்தான். கை மரத்துப்போகும் வரை பிடித்தான். பிடித்த பிடியில் ஒரு குறையும் இல்லை. உள்ளே கிழிந்திருந்த ரத்தக்குழாய்தான் யார் பேச்சையும் கேட்கவில்லை.

இப்போது அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

துக்கச் செய்தியை எப்படிச் சொல்வது என்று அவனுக்குப் பாடமே இருந்தது. பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கியிருந்தான். ஆனால் பாடம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. பெஞ்சில் இருப்பவர்களிடம் தமிழில் சொல்ல வேண்டும்.

'இறந்துட்டாரு' என்றால் செய்தி வாசிப்பது போல் இருக்கும்.

'தவறிட்டாரு' என்றால், தவறு யாருடையது என்று சட்டையைப் பிடிப்பார்கள்.

'போயிட்டாரு' என்றால், எங்கே, வேறு ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டாலும் கேட்பார்கள்.

'எங்களால முடிஞ்சத எல்லாம் செஞ்சோம்' என்று ஆரம்பிக்கலாம். அதைச் சொல்லி முடிக்கும் வரை அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்களா என்பதுதான் சந்தேகம்.

உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் காலி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வழிவிடப் போனவன், வார்த்தை எதுவும் கிடைக்காமலேயே கதவுக்கு வெளியே வந்து நின்றுவிட்டான்.

பெஞ்சில் இரண்டு பேர்தான். உள்ளே கிடந்தவரின் அப்பா, மனைவி. காலையில் ரத்தம் எடுக்கப் போனபோது பார்த்தவர்கள். ஒழுங்காக மீசை முளைத்த டாக்டர் யாரும் இங்கே இல்லையா என்று கேட்டுவிட்டுப் பெரியவர் அப்போது தானே சத்தமாகச் சிரித்தார். அது பயத்தில் சிரித்த சிரிப்பு என்று இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

அடித்துவிடுவார்களோ என்று தோன்றியது. அழுவார்களே என்பது அதைவிடப் பயமாக இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. பெரியவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தான்.

"முடிஞ்சிடுச்சுங்க."

"முடிஞ்சுதா! அப்பாடா!"

பெரியவர் அவன் கையைப் பையிலிருந்து உருவியெடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். மீசையைப் பற்றிச் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். ஆபரேஷன் முடிந்துவிட்டது என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். பாவம், வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

அவன் உடனே இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். காற்றுதான் வந்தது.

மருமகள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் சிரித்தாள்.

அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஒரு தடவை சொல்லவே வக்கில்லாதவன், சிரித்துக்கொண்டிருக்கும் இரண்டு பேரிடம் மறுபடி எப்படிச் சொல்வான்? ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தான். கதவு பின்னால்தான் இருந்தது.

"அதான் சொல்லிட்டாரே மாமா. அவரைப் பாக்க இன்னும் நேரமாகும். நீங்க போய் முதல்ல சாப்பிட்டுட்டு வாங்க" என்றாள் அவள்.

பெரியவர் உடனே கிளம்பினார். நாலு எட்டு போய்விட்டுத் திரும்பி, உனக்கு என்னம்மா வாங்கிட்டு வர என்று கேட்டார். டாக்டர் தம்பிக்கும் ஒரு டீ என்று தானே சொல்லிக்கொண்டார். கேன்டீனுக்கு எந்தப் பக்கம் என்று துடைப்பத்தோடு நின்றவரை விசாரித்து, அவரிடமும் ஆபரேஷன் முடிந்த சேதியைச் சொன்னார்.

அவர் மாடிப்படியில் இறங்கி மறையும் வரை அவள் சிரித்த முகமாகவே நின்றாள்.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மாமாவுக்குச் சுகர் தம்பி. காலையிலருந்து பச்சத் தண்ணிகூட பல்லுல படல. விஷயம் தெரிஞ்சா இன்னைக்கு ஒரு வாய் இறங்காது. வயிறார சாப்பிட்டுட்டு வரட்டும்."

புடவைத் தலைப்பை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தாள்.

"நீங்க எங்கிட்ட சொல்லுங்க. எப்ப போச்சு உசுரு?"